மஞ்சப்பைக்குள் ஒரு வீடு

லேத் பட்டறைக்காரருக்குக் கை நிறைய வேலை, தோட்டத்துக்காரருக்குக் கோடியில் பூமி. ஆனாலும் வீட்டுக் கடன் என்று வங்கிப் படி ஏறினால் இருவருமே திணறுகிறார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தின் காகிதக் கணக்கு இது.

வங்கி மேசையில் மஞ்சப்பையைக் கவிழ்த்தபோது முதலில் வந்து விழுந்தது ஒரு கல்யாணப் பத்திரிகை. அடுத்து, துருப்பிடித்த குண்டூசியோடு 1962ஆம் வருடத்துக் கிரயப் பத்திரம். பிறகு வீட்டு வரி ரசீதுகள், கிஸ்தி ரசீதுகள், பழைய மின்வாரிய வெள்ளை அட்டை, கூட்டுறவு சொசைட்டி பாஸ் புத்தகம், யாரோ யாருக்கோ எழுதிக் கொடுத்த புரோநோட்டு. அறுபது வருடத்துக் குடும்பம் மொத்தமாக மேசைமேல் கிடந்தது.

அதிகாரி பொறுமைசாலி. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து இரண்டு குவியலாகப் பிரித்தார். “இது வேணுங்க… இது வேண்டாங்க… இதும் வேண்டாங்க…” வேண்டும் என்ற பக்கம் கடைசியில் மூன்று தாள்கள்தான் மிஞ்சின. நிமிர்ந்து பார்த்து, “சொத்து இருக்குதுங்க சார். பேப்பர்தான் இல்லை” என்றார்.

அன்னூர்ப் பக்கம் எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, வாங்கிப்போட்ட 8 சென்டில் வீடு கட்டலாம் என்று நான் கடன் கேட்டுப் போன நாள் அது. அதற்குப் பிறகு இந்த வட்டாரத்தில் யாரோடு வீட்டுக் கடன் பேச்சை எடுத்தாலும் அதே வாக்கியம் வேறு வேறு வடிவில் காதில் விழுந்துகொண்டே இருந்தது. வருமானம் இருக்கிறது, பேப்பர் இல்லை. பூமி இருக்கிறது, பேப்பர் சரியில்லை. வாங்கும் தெம்பு இருக்கிறது, பத்திரத்தில் காட்டிய தொகை போதவில்லை. கொங்கு நாட்டில் வீட்டுக் கடனின் கதை பெரும்பாலும் பணத்தால் முட்டிக்கொள்வதில்லை, காகிதத்தால்தான் முட்டிக்கொள்கிறது.

சொல்லில் வளர்ந்த ஊர்

அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் நூற்பாலை தொடங்கினார். 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தது. அதன் பிறகு மில்லும் மோட்டாரும் பெருகின. மில்லில் வேலை பழகியவர் வெளியே வந்து லேத் போட்டார். அந்த லேத்தில் வேலை பழகியவர் பக்கத்துத் தெருவில் இன்னொரு லேத் போட்டார். பீளமேடு, கணபதி, சிங்காநல்லூர் பக்கம் பம்பு செட்டும் கிரைண்டரும் வார்ப்படமும். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி. திருப்பூரில் பனியன். இவற்றில் பல ஜாப் ஒர்க்கில் ஓடுபவை. சரக்கு கொடுத்தவர் சொன்ன கூலி, சொன்ன நாளில் வரும். சனிக்கிழமை ஆள் சம்பளம் போகும். நடுவில் பணம் இடித்தால் சீட்டு எடுப்பார்கள், அல்லது தெரிந்தவரிடம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்குவார்கள். எல்லாம் ஒரு கைநோட்டிலும் வாய்ச்சொல்லிலும் நடக்கும்.

சொன்னால் சொன்னபடி நடப்பவர் என்ற பெயர்தான் இங்கே கடன் தகுதி. ஊருக்குள் அந்தப் பெயர் லட்சக்கணக்கில் பணம் புரட்டித் தரும். வங்கிக் கணினியில் அதை எழுத ஒரு கட்டம் இல்லை.

சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனியில் இருப்பவர் கடன் கேட்டால் கதை வேறு. சம்பளச் சீட்டு, இரண்டு வருடத்துக்கான படிவம் 16, ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம். மாதம் 60,000 ரூபாய் கைக்கு வருகிறது, வேறு கடன் இல்லை என்றால், அதில் ஏறக்குறைய பாதியைத் தவணைக்கு ஒதுக்கலாம் என்று வங்கி கணக்குப் போடும். 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் லட்சத்துக்கு மாதத் தவணை 868 ரூபாய். 30,000 ரூபாய்த் தவணைக்கு 34 லட்சத்துக்கு மேல் கடன் கிடைக்கும்.

அதே அளவு குடும்பச் செலவு செய்யும் லேத் பட்டறைக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 40 லட்சம் ரூபாய்க்குப் பில் போடுகிறார். சிறு தொழில்களுக்கு வருமான வரிச் சட்டம் ஒரு சுருக்கு வழி தருகிறது: கணக்குப் புத்தகம் எழுத வேண்டாம், விற்றுமுதலில் 8 சதவீதம், வங்கி வழியாக வந்த தொகை என்றால் 6 சதவீதம், லாபமாகக் காட்டினால் போதும். ஆடிட்டரும் அதையே காட்டுகிறார். வருட லாபம் 2.4 லட்சம். மாதம் 20,000. வரி ஒரு ரூபாய் இல்லை. வருடா வருடம் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்தான், இப்போது வங்கியில் உட்கார்ந்திருக்கிறார். 20,000இல் பாதி 10,000. கடன் தகுதி பதினொன்றரை லட்சம். “ஏனுங்க, மாசம் ஆளுக் கூலியே அதைவிட ஜாஸ்தி குடுக்கறனுங்க” என்றால் அதிகாரி என்ன செய்வார்? தாளில் இருப்பதைத்தானே அவர் படிக்க முடியும்.

அந்த 6 சதவீதம் குறைந்தபட்ச அளவுதான். உண்மையில் அதிக லாபம் வந்தால் அதிகமாகக் காட்ட வேண்டும் என்பதுதான் சட்டம். கடன் வேண்டும் என்பதற்காக ஒரே வருடத்தில் லாபத்தை மூன்று மடங்காக்கிக் காட்டுவதும் எடுபடாது. வங்கிகள் இரண்டு மூன்று வருடத் தாக்கலைச் சேர்த்து வைத்துப் பார்க்கும்; திடீர்த் தாவலைச் சந்தேகிக்கும். ஆக, 2029இல் வீடு கட்ட நினைக்கும் பட்டறைக்காரர் 2026இலேயே உண்மைக் கணக்கைக் காட்டத் தொடங்கியிருக்க வேண்டும். மிச்சம் பிடித்த வரியும் கைவிட்டுப் போன கடனும் ஒரே நாணயத்தின் இரண்டு பக்கங்கள்.

வரித்தாக்கலே இல்லாதவர்களுக்கும் கடன் கொடுக்கும் வீட்டுவசதி நிதி நிறுவனங்கள் உண்டு. அவர்களுடைய ஆள் பட்டறைக்கே வருவார். எத்தனை மெஷின் ஓடுகிறது என்று எண்ணுவார். கரண்ட் பில், டெலிவரி சலான், கைநோட்டு எல்லாம் பார்ப்பார். பக்கத்துக் கடையில் விசாரிப்பார். ஒருவகையில் ஊர்ப் பெயரை மதிப்பெண்ணாக மாற்றும் வேலை அது. அந்த உழைப்புக்கும் ஆபத்துக்கும் விலை வட்டியில் சேரும். 10 லட்சம், 15 வருடம் என்றால் 8.5 சதவீதத்தில் மாதம் 9,847 ரூபாய். அதுவே 13 சதவீதமானால் 12,652 ரூபாய். கடைசியில் கணக்குப் பார்த்தால் 5 லட்சம் ரூபாய் கூடுதல். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்பது வருடத்துக்கு 24 சதவீதம் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், 13 எங்கே நிற்கிறது என்று புரியும்.

இன்னொரு கண்ணி கேரண்டிக் கையெழுத்து. மச்சான் லாரி வாங்கும்போது, பங்காளி தறி போடும்போது, மறுக்க முடியாமல் போட்ட கையெழுத்து சிபில் எனும் கடன் வரலாற்று அறிக்கையில் உங்கள் பெயரிலும் ஏறியிருக்கும். அவர் தவணை தவறினால் உங்கள் மதிப்பெண் சரியும். 300 முதல் 900 வரையிலான அந்த மதிப்பெண்ணை வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகவே பார்க்கலாம். விண்ணப்பம் போடும் முன் பார்ப்பது நல்லது. போட்ட பிறகு வங்கிக்காரர் சொல்லித் தெரிந்துகொள்வது சங்கடம்.

சைட் நல்லாத்தான் இருக்கு

வருமானத் தாள் தேறினாலும் இடத்தின் தாள் தேற வேண்டும். இங்கேதான் மஞ்சப்பை முழுசாக வெளியே வருகிறது.

வங்கி வழக்கறிஞர் முதலில் கேட்பது மூலப் பத்திரம். அதிலிருந்து இன்று வரை சொத்து கைமாறிய ஒவ்வொரு படியும் தொடர்ச்சியாக வர வேண்டும். அதற்குத் துணையாக 30 வருடத்துக்காவது வில்லங்கச் சான்று. அப்புறம் பட்டா. பட்டா மட்டுமே உரிமையை நிரூபிக்காது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஆனாலும் பத்திரத்தில் ஒரு பெயரும் பட்டாவில் இன்னொரு பெயரும் இருந்தால் கோப்பு நகராது.

இந்தப் பெயர்க் குழப்பத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு பிறந்த தேதியே உண்டு. 1979இல் தொடங்கி 1980களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம், சுருக்கமாக யு.டி.ஆர். பழைய பதிவேடுகளைக் கிராமம் கிராமமாகப் புதுப்பித்தார்கள். பெரிய வேலை. அதில் இனிஷியல் மாறியது, உட்பிரிவு எண் தவறியது, அண்ணன் பெயரில் தம்பி இடம் ஏறியது. அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. கிஸ்தி கட்டியாகிறது, வெள்ளாமை நடக்கிறது, அதற்குமேல் என்ன? முப்பது நாற்பது வருடம் கழித்துப் பேரன் வீட்டுக் கடனுக்குப் போகும்போதுதான் அந்தப் பிழை முதல்முதலாக வாய் திறக்கிறது. திருத்துவதற்குத் தாலுகா அலுவலகம், கோட்டாட்சியர் அலுவலகம் என்று அலைய வேண்டும். விற்பனை ஒப்பந்தம் போட்டு மூன்று மாதக் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த அலைச்சல் தொடங்கினால் அட்வான்ஸ் தொகையே போய்விடும்.

மனைப்பிரிவு இன்னொரு கதை. அன்னூர், சூலூர், காரமடை, கிணத்துக்கடவு என்று நாலாபுறமும் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று சொல்லி விற்ற சைட்டுகள் ஏராளம். 2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது ஊரே திகைத்து நின்றது. 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. கட்டணம் கட்டி வரன்முறை செய்தவர்கள் தப்பித்தார்கள். செய்யாதவர்களின் சைட் இன்றும் வங்கிக்குப் பிடிக்காத சைட்தான். ‘டி.டி.சி.பி. அப்ரூவலா?’, அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி உண்டா என்ற கேள்வி இங்கே டீக்கடை வரை வந்ததற்கு அந்தத் தடைதான் காரணம்.

மேற்கே தொண்டாமுத்தூர் பக்கம் மலையடிவாரக் கிராமங்களுக்குப் போனால் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி, ஊர்ப் பேச்சில் ‘ஹாகா’, கூடுதலாகத் தேவை. கோவில் இனாம் நிலமாக இருந்தால் பதிவே சிக்கல். எரிவாயுக் குழாய் போகும் இடம், உயர் அழுத்த மின்கம்பிக்கு அடியில் வரும் இடம் என்றால் வேல்யூயர் வண்டியை விட்டு இறங்கும்போதே முகம் சுளிப்பார்.

கோடியில் பூமி, லட்சம் கிடைக்காது

தோட்டத்துச் சாளைக்காரருக்கு வரும் ஆச்சரியம் இதையெல்லாம்விடப் பெரியது. ஐந்து ஏக்கர், கிணறு, தென்னந்தோப்பு. விலை பேசினால் கோடிகளில் போகும். தோட்டத்திலேயே புது வீடு கட்ட 25 லட்சம் கேட்டால் வங்கி தயங்குகிறது. ஊருக்குள் 5 சென்ட் வைத்திருப்பவருக்குத் தயங்காமல் கொடுக்கிறது.

காரணம் சர்ஃபேசி என்ற 2002ஆம் ஆண்டுச் சட்டம். கடன் வாராக்கடனாகிவிட்டால், சிவில் நீதிமன்றத்துக்குப் போகாமலேயே அடமானச் சொத்தைக் கைப்பற்றி விற்க வங்கிகளுக்கு அது அதிகாரம் தந்தது. ஆனால் விவசாய நிலம் அந்தச் சட்டத்துக்குள் வராது. உழுகிறவரைக் காப்பதற்காக வைத்த விலக்கு அது. அதுவே அவர் வீடு கட்டக் கடன் கேட்கும்போது குறுக்கே நிற்கிறது. திரும்ப எடுக்க முடியாத அடமானத்தை எந்த மேலாளர் விரும்புவார்? வீடு வரும் பகுதியை மட்டும் அளந்து பிரித்து, விவசாயமல்லாத பயன்பாட்டுக்கு மாற்றி, கட்டட அனுமதி வாங்கினால் வழி திறக்கும். அதற்குத் தோட்டத்துக்குள் போகும் வண்டித்தடம் பொதுவழி என்று பத்திரத்தில் இருக்க வேண்டும். அது பெரும்பாலும் பங்காளி வரப்பாக இருக்கும்.

அடமானம் என்றதும் பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் செய்வது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வீட்டுக் கடனில் பெரும்பாலும் நடப்பது வேறு. மூலப் பத்திரத்தைக் கடன் கொடுப்பவர் கையில் ஒப்படைப்பதே அடமானம். 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டம் அதை ஏற்கிறது. ஆனால் எல்லா ஊரிலும் செய்ய முடியாது. கல்கத்தா, சென்னை, பம்பாய், அதோடு அரசு அறிவிக்கை செய்த ஊர்களில்தான் பத்திரத்தை ஒப்படைக்க முடியும். சொத்து எந்தக் கிராமத்திலும் இருக்கலாம். கொடுக்கும் இடம்தான் முக்கியம். ஒப்படைத்ததற்கான குறிப்பாணையைத்தான் வங்கிக்காரர்கள் ‘எம்.ஓ.டி.’ என்கிறார்கள். தமிழ்நாட்டில் அதையும் பதிய வேண்டும். அதற்குத் தனி முத்திரைத் தீர்வையும் கட்டணமும் உண்டு. வீட்டு பட்ஜெட்டில் பலர் மறந்துபோகும் செலவு இது.

வெள்ளையில் எவ்வளவு?

வீடு வாங்குகிறவரிடம் விற்கிறவர் காதோரம் கேட்கும் கேள்வி இது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் ஒரு தாளில் கணக்குப் போட வேண்டும்.

60 லட்சத்துக்குப் பேசிய வீடு. பத்திரத்தில் 40 லட்சம், மீதி 20 லட்சம் ரொக்கம் என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, சொத்து மதிப்பில் 80 சதவீதம்வரைதான் வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. 40 லட்சத்தில் 80 சதவீதம் 32 லட்சம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 9 சதவீதம், 3.6 லட்சம். இது கடனில் வராது. வாங்குகிறவர் கையிலிருந்து போட வேண்டியது மொத்தம் 31.6 லட்சம்.

அதே வீட்டை 60 லட்சத்துக்கே பதிந்தால்? கடன் 48 லட்சம் வரை கிடைக்கும். பதிவுச் செலவு 5.4 லட்சம். கையிலிருந்து போட வேண்டியது 17.4 லட்சம். பதிவில் மிச்சம் பிடித்த 1.8 லட்சத்துக்காக 14 லட்சத்துக்கு மேல் கூடுதலாகப் புரட்ட வேண்டியிருக்கிறது. அந்த 14 லட்சம் பெரும்பாலும் சீட்டிலிருந்தோ, வீட்டு நகையை வைத்தோ, இரண்டு வட்டிக்கோ வருகிறது. இது போக, சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குகிறவருக்கு அதே அளவு அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் உண்டு. பின்னாளில் நீங்கள் விற்கும்போது, வாங்கிய விலை 40 லட்சம்தான் என்று கணக்கில் நிற்பதால் மூலதன ஆதாய வரியும் உங்கள் தலையில்தான்.

இருபது வருடம் முப்பத்தெட்டு ஆவது எப்படி?

கடன் கிடைத்தாயிற்று என்று மூச்சு விடுகிற இடத்தில்தான் அடுத்த தாள் வருகிறது. பெரும்பாலானோர் படிக்காமல் கையெழுத்துப் போடும் கடன் ஒப்பந்தம்.

30 லட்சம், 8.5 சதவீதம், 20 வருடம். மாதத் தவணை 26,035 ரூபாய். முதல் மாதம் அதில் 21,250 ரூபாய் வட்டிக்குப் போகும். அசலில் கழிவது 4,785 ரூபாய். மொத்தமாகத் திருப்பிக் கட்டுவது சுமார் 62.5 லட்சம்.

வட்டி மாறும் வட்டி. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்கின்றன. 2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. இந்த ஏற்றம் தொடங்கச் சற்று முன் 7 சதவீதத்தில் 20 வருடத்துக்கு 30 லட்சம் வாங்கியவரின் தவணை 23,259 ரூபாய். வட்டி 9 சதவீதமாகி, தவணை மாறாமல் இருந்தால் கடன் முடிய 38 வருடம் ஆகும். 9.5 தொட்டபோது மாத வட்டியே 23,400 ரூபாயைத் தாண்டியது. அதாவது, தவணை முழுசாகக் கட்டினாலும் கடன் குறையவில்லை, கூடியது! தவணைத் தொகை மாறவில்லையே என்று நிம்மதியாக இருந்தவர்கள்தான் அதிகம் ஏமாந்தார்கள்.

இந்தக் கூத்துக்குப் பிறகுதான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு விதி கொண்டுவந்தது. வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, நிலையான வட்டிக்கு மாறுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்டாக வேண்டும். கேட்பார்கள் என்று காத்திருக்காமல் நாமே எழுதிக் கொடுப்பது உத்தமம். 2025இல் ரெப்போ நான்கு முறை குறைந்து 5.25க்கு வந்தது. அதன் பலன் உங்கள் கணக்குக்கு வந்ததா என்று பார்த்தீர்களா? பழைய முறையில் வட்டி கணக்கிடப்படும் கடனாக இருந்தால், சிறு கட்டணத்தில் புதிய முறைக்கு மாற முடியும்.

மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. தீபாவளி போனஸோ தேங்காய்ப் பணமோ, வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினாலே 20 வருடக் கடன் மூன்று வருடத்துக்கு மேல் முன்னதாக முடியும்.

பேப்பர் கேட்காத கடன்

இத்தனை தாளா என்று சலிப்பு வரும்போது அமெரிக்காவை நினைத்துக்கொள்ளலாம். 2000களில் அங்கே வருமானச் சான்று கேட்காமலே, வாயால் சொன்ன தொகையை எழுதிக்கொண்டு வீட்டுக் கடன்களை வாரி வழங்கினார்கள். அந்தக் கடன்களைப் பொட்டலம் கட்டி உலகம் முழுக்க விற்றார்கள். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் விழுந்தது. லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டை இழந்தன. அங்கே வாங்குவது குறைந்துபோனதன் சூடு திருப்பூர்ப் பனியன் கம்பெனி வரை வந்தது.

கடனைக் கட்டாமல் விட்டால் இங்கேயும் மென்மை கிடையாது. 90 நாள் தவணை நின்றால் வாராக்கடன். பிறகு 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ். அடுத்து சுவாதீனம், ஏலம். வங்கி நடவடிக்கை எடுத்த 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். கோவையிலேயே ஒன்று இருக்கிறது. ஆனால் அங்கே போகிற நிலை வருவதற்கு முன், முதல் தவணை தவறும்போதே வங்கிக்குப் போய்ப் பேசியவர்களுக்குத்தான் வழி பிறக்கும். ஆர்டர் நின்றுபோன மாதத்தில் போன் எடுக்காமல் இருப்பது நம் ஊர் வழக்கம். மானம் பார்ப்பது ஊருக்குள் சரி, வங்கியில் அது வாராக்கடன்.

கடன் கேட்கும் முன்

• வில்லங்கச் சான்றும் பட்டாவும் ஆன்லைனிலேயே பார்க்கலாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் பாருங்கள். விற்பனை ஒப்பந்தத்தில், ‘கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பும்’ என்று ஒரு வரி சேருங்கள்.

• 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் ஆன்லைனில் அனுமதி பெறலாம். வரைபடத்தை மீறிக் கட்டினால் அடுத்த கட்டக் கடன் தொகை நின்றுபோகும்.

• கட்டுமானக் கடன் ஒரே தவணையில் வராது. பேஸ்மட்டம், லிண்டல், கூரை, பூச்சு என்று கட்டம் கட்டமாக வரும். ஒவ்வொரு கட்டத்துக்கும் உங்கள் பணம் முதலில் போயாக வேண்டும்.

• நகர்ப்புறப் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2.0இல், வருட வருமானம் 9 லட்சம் வரை உள்ள, நாட்டில் எங்கும் சொந்தக் கான்கிரீட் வீடு இல்லாத குடும்பத்துக்கு வட்டி மானியம் உண்டு. வீட்டின் மதிப்பு 35 லட்சம், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மானியம் அதிகபட்சம் 1.80 லட்சம்.

• 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை, 2025 ஏப்ரல் முதல்.

• வங்கி நீட்டும் காப்பீட்டு பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே பிரீமியமாக அதைக் கடனோடு சேர்த்தால் அதற்கும் வட்டி ஓடும்.

• கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்கள் திரும்ப வர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. பத்திரம் வந்ததும் ரசீதுப் பத்திரம் பதியுங்கள். இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றில் கடன் நின்றுகொண்டே இருக்கும்.

அத்தையின் ஜெராக்ஸ்

என் கோப்புக்கு வருகிறேன். வங்கி வழக்கறிஞரின் கருத்துரை மூன்று பக்கம். கடைசிப் பக்கத்தில் நான்கு வரி. 1962இல் கிரயம் பெற்றவர் உயில் எழுதாமல் 1987இல் காலமானார். அவருக்கு ஒரு மகன், இரு மகள்கள் வாரிசுகள். மகள்கள் இருவரிடமிருந்தும் விடுதலைப் பத்திரம் பெற்றால்தான் உரிமை முழுமையாகும்.

வீட்டில் எல்லோருக்கும் வியப்பு. “அவங்களுக்குத்தான் அப்பவே சீர் செஞ்சு கட்டிக் குடுத்தாச்சே?” இங்கே எந்த வீட்டிலும் கேட்கும் வாக்கியம்தான். நகை, பாத்திரம், கறவை மாடு. அதோடு பொறந்தவள் கணக்கு முடிந்தது என்பது ஊர் வழக்கு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அப்பா தானே சம்பாதித்த சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், மகனுக்கு எவ்வளவோ அவ்வளவு மகளுக்கும் உண்டு என்று 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்லிவிட்டது. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989இலும் நாடாளுமன்றம் 2005இலும் திருத்தம் கொண்டுவந்தன. இத்தனை சட்டமும் புத்தகத்தில் இருந்தது. எங்கள் வீட்டுத் திண்ணைக்கு அது வீட்டுக் கடன் விண்ணப்பத்தின் முதுகில் ஏறித்தான் வந்தது.

சின்ன அத்தை போனிலேயே சரி என்றார். காங்கேயம் பக்கம் இருக்கும் பெரிய அத்தையைப் பார்க்க நானே போனேன். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். பங்குக்கு ஈடாக அப்பா ஒரு தொகை கொடுக்கச் சொல்லியிருந்தார். மூன்றில் ஒரு பங்கின் இன்றைய விலைக்கு அது பக்கத்தில்கூட வராது என்பது எனக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும். அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. வழக்கறிஞரின் தாளைப் படிக்கச் சொன்னார். படித்தேன். அவர் பெயர் வரும் இடத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

“எங்கய்யன் போயி முப்பத்தஞ்சு வருசத்துக்கு மேலாச்சு கண்ணு. அந்த எடத்துல எனக்கும் பங்கு இருக்குதுன்னு ஒருத்தரும் சொன்னதில்லை. பேங்க்காரன் சொல்லியிருக்கறான் பாரு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

சார்பதிவாளர் அலுவலகத்தில் வெப் கேமராவைப் பார்த்து உட்கார்ந்தார். கைரேகை இயந்திரத்தில் விரல் பதியவில்லை. வெண்டைக்காயும் பருத்தியும் பறித்துத் தேய்ந்த விரல். முந்தானையில் துடைத்துத் துடைத்து நான்காவது முறை பதிந்தது. கையெழுத்தை எழுத்துக் கூட்டிப் போட்டார். அடுத்த மாதம் எனக்குக் கடன் ஒப்புதல் கடிதம் வந்தது.

அன்று பதிவு முடிந்து வெளியே வந்ததும் காபி வேண்டாம் என்றுவிட்டு எதிர்வரிசைக் கடையைக் காட்டினார்.

“அந்த வக்கீல் பேப்பர்ல எம் பேரு இருக்கற பக்கத்த ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடு கண்ணு.”

எடுத்துக் கொடுத்தேன். நான்காக மடித்து மஞ்சப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.